பாத்திரம் கழுவும் துறவிகளும் தண்ணீர்பள்ளி ஆசிரமமும்

ஆன்மிகம் என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் கூட்டங்களில் பாதிப்பேர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கக் காரணமும் இருக்கிறது. மடம் என்றால் நமக்கு நினைவுக்கு வருவது நிலம், குத்தகை, வாசலுக்கு வெளியே நிற்க வைத்த தாத்தா. சைவ ஆதீனமாக இருந்தாலும் வைணவ மடமாக இருந்தாலும் நம் அனுபவம் ஒன்றுதான். அதனால் "மடமும் வேண்டாம், துறவும் வேண்டாம்" என்று இளைஞர்கள் சொல்லும்போது நான் சண்டைக்குப் போவதில்லை.

ஆனால் தலித் கிறித்தவக் குடும்பங்களிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சில பிள்ளைகள் துறவு வாழ்க்கையைத் தேடிப் போகிறார்கள். அம்மா அழுதுகொண்டே பெட்டி கட்டிக் கொடுக்கிறார். அந்தப் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்லி அனுப்புகிறோம்? ஒன்றும் சொல்வதில்லை. "சாமியாராகப் போய்விட்டான்" என்று கைகழுவிவிடுகிறோம். அவர்கள் போகிற இடத்தின் சட்டப் புத்தகத்தையாவது நாம் படித்திருக்க வேண்டாமா? இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

கிறித்தவத் துறவு மடங்களில் மிகப் பழைய மரபுகளில் ஒன்று புனித பெனடிக்ட் மரபு. நம் ஊர்க் கோயில்களில் பெரியவர்கள் ஆசீர்வாதப்பர் என்று சொல்வார்கள், அவர்தான். இத்தாலியில் ஏறத்தாழ 480 முதல் 547 வரை வாழ்ந்தவர். மோந்தே காசினோ மலையில் மடம் கட்டி, அங்கே வாழ்பவர்களுக்காக ஒரு விதிநூல் எழுதினார். மொத்தம் 73 அதிகாரங்கள். சிறிய நூல், ஒரு ராத்திரியில் படித்துவிடலாம். கடவுளைப் பற்றிய தத்துவம் அதில் குறைவு. எத்தனை மணிக்கு எழுவது, எவ்வளவு ரொட்டி, யாருக்கு எந்தப் போர்வை, சமையல் யார் முறை, வாசலில் யார் உட்கார்வது என்றே போகிறது. முதல்முறை படித்தபோது ஒரு விடுதியின் நிர்வாகக் குறிப்பேடு போல இருந்தது எனக்கு. பிறகுதான் புரிந்தது: சாதி வாழ்கிற இடமும் அதுதான். உபநிடதத்தில் சாதி எப்படி இருக்கிறது என்பது அறிஞர்களின் விவாதம். பந்தியில், பானையில், படுக்கையில், கல்லறையில் சாதி எப்படி இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

அந்த நூலில் சில இடங்களைப் பாருங்கள். அடிமையாக இருந்து துறவியானவனைவிடச் சுதந்திரக் குடியில் பிறந்தவனை உயர்த்தி வைக்கக் கூடாது என்று இரண்டாம் அதிகாரம் மடத்தலைவருக்குச் சொல்கிறது. ரோம உலகத்தில், அடிமைச் சந்தை நடந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியது இது. அப்படியானால் மடத்துக்குள் யார் முன்னால், யார் பின்னால்? 63ஆம் அதிகாரம் விடை சொல்கிறது: வந்த நேரம். காலையில் முதல் மணிக்கு வந்து சேர்ந்தவனுக்கு, இரண்டாம் மணிக்கு வந்தவன் இளையவன். வயதோ வெளியில் இருந்த அந்தஸ்தோ கணக்கில் வராது. பிறப்பைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கடிகாரத்தை வைத்திருக்கிறார் மனிதர்.

35ஆம் அதிகாரம் எனக்கு மிகவும் பிடித்தது. சமையல்கட்டு வேலையிலிருந்து யாரும் தப்ப முடியாது. நோயாளிக்கும், மடத்தின் முக்கியமான வேலையில் இருப்பவனுக்கும் மட்டும் விலக்கு. மற்ற எல்லோரும் வாரமுறை வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் பரிமாற வேண்டும். சனிக்கிழமை முறை முடிகிறவன் துண்டுகளைத் துவைத்துப் போட வேண்டும். முறை முடிகிறவனும் புதிதாகத் தொடங்குகிறவனும் சேர்ந்து எல்லோருடைய காலையும் கழுவ வேண்டும். பாத்திரங்களைச் சுத்தமாகப் பண்டகசாலைக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அந்தப் பண்டகசாலைக்காரரோ மடத்துச் சட்டிபானை எல்லாவற்றையும் பீடத்துத் திருப்பாத்திரம்போலவே மதிக்க வேண்டும் என்று 31ஆம் அதிகாரம் சொல்கிறது. தீட்டு என்ற சொல்லுக்கு இதைவிட நேரடியான எதிர்ச்சொல்லை நான் மத நூல்களில் அதிகம் பார்த்ததில்லை. சோற்றுச் சட்டியும் பூசைக் கிண்ணமும் ஒன்றென்றால், சட்டி கழுவுகிற கைக்கும் பூசை செய்கிற கைக்கும் வேறுபாடு எங்கே?

இன்னொன்றும் இருக்கிறது, மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமான முடிவு என்றால் மடத்தலைவர் எல்லோரையும் கூட்டிக் கேட்க வேண்டும். சிறந்த வழியைக் கடவுள் பலமுறை இளையவனுக்குத்தான் காட்டுகிறார் என்று மூன்றாம் அதிகாரம் காரணமும் சொல்கிறது. நம் இயக்கங்களில் இளைஞர்களைப் பேச விடுகிற லட்சணத்தை நினைத்துக்கொண்டேன். கடைசி முடிவு மடத்தலைவருடையதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும். இது ஜனநாயகம் அல்ல. சிறுவர்களைப் பிரம்பால் அடிக்கச் சொல்கிற அதிகாரமும் இதே நூலில் உண்டு. வேதம்போலத் தலையில் வைத்துக் கொண்டாடச் சொல்லவில்லை நான்.

குறிப்பாக ஏழாம் அதிகாரம். அதில் தாழ்ச்சிக்குப் பன்னிரண்டு படிகள் உண்டு. எவ்வளவு இழிவாக நடத்தினாலும் மனநிறைவோடு இருப்பது ஒரு படி. எல்லோரையும்விடத் தான் கீழானவன் என்று வாயால் சொல்வதோடு நெஞ்சாலும் நம்புவது அடுத்த படி. இதை ஒரு பண்ணையார் மகன் படித்தால் அவனுக்கு மருந்து. சேரியிலிருந்து போன பிள்ளை படித்தால்? அவனுக்கு ஊரே இந்தப் பாடத்தைப் பிறந்த நாளிலிருந்து நடத்தியிருக்கிறது. டீக்கடையில் தனிக் குவளை நடத்திய பாடத்தைத் தியான அறையிலும் நடத்தினால் அவன் முதுகு எப்போது நிமிரும்? நிமிர்ந்து நிற்பதுதான் அவனுக்கு முதல் ஆன்மிகப் பயிற்சி. ஒவ்வொருவனுடைய இயல்பும் நிலையும் பார்த்து மடத்தலைவர் வெவ்வேறு விதமாக நடத்த வேண்டும் என்று அதே நூலின் இரண்டாம் அதிகாரம் சொல்லியிருக்கிறது. நம் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிற குருமடங்களும் கன்னியர் மடங்களும் அந்த வரியைப் பிடித்துக்கொள்ளட்டும். "உனக்குத் தாழ்ச்சி போதாது" என்று ஒரு தலித் மாணவனிடம் சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

சரி, விதி இப்படி இருந்ததே, மடங்கள் அப்படி நடந்தனவா?

இல்லை. 11ஆம் நூற்றாண்டு வாக்கில் ஐரோப்பிய மடங்களில் இரண்டு வகுப்புகள் உருவாகிவிட்டன. பாடற்குழுத் துறவிகள் ஒரு பக்கம். இவர்களுக்கு லத்தீன் தெரியும், செபம் பாடுவார்கள், குருக்களாவார்கள். இன்னொரு பக்கம் வேலைச் சகோதரர்கள். வயல், தொழுவம், அடுப்பு எல்லாம் இவர்கள் பொறுப்பு. பெனடிக்ட் விதியைக் கண்டிப்பாகப் பின்பற்றுவோம் என்று கிளம்பிய சிஸ்டர்சியன் மடங்களில் இந்த வேலைச் சகோதரர்களுக்குத் தனிச் சாப்பாட்டுக்கூடம், தனிப் படுக்கைக்கூடம், கோயிலுக்குள்ளும் தனிப் பகுதி. நடுவில் தடுப்பு. மடத்தலைவரைத் தேர்ந்தெடுக்க வாக்கு கிடையாது. புத்தகம் கையில் எடுக்கக்கூடத் தடை. தனி இடம், தனிச் சோறு, எழுத்து மறுப்பு என்று மூன்றும் வரிசையாக நிற்கின்றன. இதைப் படித்ததும் உங்களுக்கு எந்த நாடு நினைவுக்கு வருகிறது? கைவேலையால் பிழைக்கும்போதுதான் உண்மையான துறவிகள் என்று எழுதியவரின் வீட்டிலேயே கைவேலை கீழ்வேலை ஆகிவிட்டது. இந்த இரண்டு வகுப்பு ஏற்பாடு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரைக்கும் தாக்குப் பிடித்தது. ஒரே வகைச் சகோதரர்களாக்குங்கள் என்று 1965இல் சங்கம் சொன்ன பிறகுதான் பெரும்பாலான மடங்களில் அது கலைந்தது. பிரேசிலில் இதைவிட மோசம். பெனடிக்ட் மடங்கள் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளையே வைத்து வேலை வாங்கின; 1871இல்தான் விடுவித்தன.

கிறித்தவத்தை மட்டும் குறைசொல்ல வேண்டாம். வந்த வரிசைதான் மூப்பு என்ற விதியைப் பெனடிக்டுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே புத்தரின் சங்கம் வைத்திருந்தது. சாக்கிய இளவரசர்கள் துறவேற்க வந்தபோது, எங்கள் ஆணவம் ஒழிய வேண்டும், எங்களோடு வந்த நாவிதர் உபாலிக்கு முதலில் துறவு கொடுங்கள் என்று கேட்டார்கள் என்பது பௌத்த மரபு. அன்று முதல் அரச குலத்தவர்கள் நாவிதரை வணங்க வேண்டியதாயிற்று. அண்ணல் அம்பேத்கர் தம் கடைசி நூலில் உபாலியை மறக்காமல் எடுத்துச் சொன்னது சும்மா அல்ல. அதே பௌத்தம் இலங்கையில் என்ன ஆயிற்று? 1753இல் சியாமிலிருந்து வந்த ஒரு பிக்கு கண்டியில் சியாம் நிக்காயவைத் தொடங்கி வைத்தார். அவர் பெயரும் உபாலி! ஆனால் சில ஆண்டுகளிலேயே கொவிகம சாதிக்கு மட்டுமே உயர் துறவு என்று ஆனது. மற்ற சாதியினர் 1800களின் தொடக்கத்தில் கடல் தாண்டிப் பர்மா போய்த் துறவேற்று வந்து அமரபுர நிக்காயவை அமைக்க வேண்டியிருந்தது. நாவிதர் உபாலி அன்று கண்டிக்கு வந்திருந்தால் வாசலில் நின்றிருப்பார்.

ஆகவே விதி நல்லதா என்று கேட்டு நிறுத்திக்கொள்வது போதாது. அந்த விதியை இந்த மண்ணுக்குக் கொண்டுவந்தவர்கள் அதில் எந்தப் பக்கத்தைத் திறந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். இங்கேதான் நம் காவிரிக் கரைக்கு வருகிறோம்.

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்பள்ளி. அங்கே இருக்கிறது சச்சிதானந்த ஆசிரமம், மக்கள் சாந்திவனம் என்பார்கள். 1950 மார்ச் 21 அன்று, புனித பெனடிக்ட் திருநாளில், இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கினார்கள். ஒருவர் ஜூல் மோன்ஷனன். லியோன் நகரத்துக் குரு, 1939இல் இந்தியா வந்தவர், குளித்தலைப் பகுதிப் பங்குகளில் ஏழைகளோடு ஏழையாக வாழ்ந்தவர். மற்றவர் ஆன்றி லெ சோ, பிரித்தானி கடற்கரையிலிருந்த கெர்கோனான் பெனடிக்ட் மடத்திலிருந்து வந்த துறவி. இருவரும் காவி கட்டினார்கள். பரம அருபி ஆனந்தம் என்றும் அபிஷிக்தானந்தா என்றும் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1968இல் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயப் பெனடிக்ட் துறவி பொறுப்பேற்றார். 1980களின் தொடக்கத்தில் ஆசிரமம் பெனடிக்ட் குடும்பத்தின் கமால்தொலி கிளையோடு இணைந்தது. 1993இல் அவர் இறக்கும்போது உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் தேடி வரும் இடமாகியிருந்தது.

நல்ல மனிதர்கள்தான். ஐரோப்பிய வசதியை விட்டுவிட்டுக் குடிசையில் படுத்தவர்கள். சுற்றுக் கிராமத்து ஏழைகளுக்கு உதவியதும் உண்மை. சீதாராம் கோயல் போன்ற இந்துத்துவ எழுத்தாளர்கள் 1980களின் கடைசியில் இவர்களை மதமாற்ற மோசடிக்காரர்கள் என்று தாக்கினார்கள். அந்தக் கூட்டத்தோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. என் விமர்சனம் நேர் எதிர்த் திசையிலிருந்து வருகிறது.

இந்தியமயமாதல் என்று அவர்கள் முடிவு செய்தபோது எந்த இந்தியாவைப் பார்த்தார்கள்? ஆசிரமத்தின் பெயர் வடமொழி. வழிபாட்டில் உபநிடத வாசகம், ஆரத்தி. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. சாப்பாடு சைவம். கோயிலுக்குக் கோபுரம். தமிழ்ப் பாடலும் உண்டுதான், ஆனால் மைய அச்சு அத்வைதம். காவிரிக் கரையில் அவர்களைச் சுற்றி வயலில் நின்றுகொண்டிருந்த மக்களின் பறை எங்கே? அவர்களின் ஒப்பாரி எங்கே, குலதெய்வப் படையல் எங்கே, அவர்கள் சமைத்துத் தின்ற மாட்டிறைச்சி எங்கே? இந்தியாவின் ஆன்மா என்று தேடிப் போனவர்கள் அக்கிரகாரத்தின் கதவைத் தட்டினார்கள். புதிய வழியும் அல்ல. 1606இல் மதுரைக்கு வந்த தெ நொபிலி பூணூல் பாணியில் தொடங்கி வைத்தது. மேல்சாதியாரைப் பிடிக்க அவர் பரதவர் திருச்சபையிலிருந்தே விலகி நின்றார். சாந்திவனத்துக்காரர்கள் யாரையும் பிடிக்க வரவில்லை, அது பெரிய வேறுபாடு. ஆனாலும் கண் போன திசை ஒன்றுதான்.

1950 என்ற ஆண்டைக் கவனியுங்கள். ஆசிரமம் தொடங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று அந்த ஆணையின் மூன்றாம் பத்தி எழுதிவிட்டது. 1956இல் சீக்கியர்களுக்கும் 1990இல் பௌத்தர்களுக்கும் கதவு திறந்தது. கிறித்தவ, இசுலாமிய தலித்துகளுக்கு இன்னும் மூடியிருக்கிறது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், நாட்டின் 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர் தலித்துகள் என்று கணக்குச் சொன்னது. இத்தனை பேரின் வாழ்க்கையைத் தீர்மானித்த ஒரு பத்தியும், கிறித்தவ ஆன்மிகத்தில் இத்தனை புகழ் பெற்ற ஓர் ஆசிரமமும் ஒரே ஆண்டில் பிறந்தன. ஆசிரமத்தைப் பற்றி உலக மொழிகளில் வந்த எழுத்து ஓர் அலமாரி இருக்கும். இந்து–கிறித்தவ உரையாடல், கிழக்கு–மேற்கு சங்கமம், இரண்டற்ற நிலை என்பவைதான் அவற்றின் பேச்சு. சாதிக் கிறித்தவருக்கும் தலித் கிறித்தவருக்கும் நடுவே ஓர் உரையாடல் தேவை என்பது அந்தப் பேச்சில் ஓரத்துக்குப் போய்விட்டது.

இத்தனைக்கும் முப்பது, நாற்பது கிலோமீட்டர் தள்ளித்தான் திருச்சி மேலப்புதூர். கத்தோலிக்கக் கல்லறையின் நடுவே சுவர் வைத்து, செத்தவர்களையும் சாதி பார்த்துப் புதைத்த ஊர். நெல்லைப் பக்கம் வடக்கன்குளத்தில் கோயிலையே இரண்டு கைகளாகக் கட்டி நடுவில் தடுத்து வைத்திருந்தார்கள். 1910இல் கௌசானல் என்ற சேசுசபைக் குரு தடுப்பை இடித்ததும் மேல்சாதியினர் நீதிமன்றம் போனார்கள். விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008இல் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதற்கு நடந்த கலவரத்தில் துப்பாக்கிச் சூடுவரை போயிற்று. இரண்டற்ற நிலையைப் பற்றிப் பேசுவதற்கு இந்தத் திருச்சபையில் இதைவிடப் பொருத்தமான இடங்கள் இருக்கின்றனவா, சொல்லுங்கள்.

அவர்கள் இந்தியமயமாக்கலை உபநிடதத்திலிருந்து தொடங்காமல் தங்கள் சொந்த விதிநூலின் 35ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்கியிருந்தால்? தமிழ் மண்ணில் அதன் பொருளே வேறு. ஆசிரமமும் பந்தியும் என்றதும் நமக்குச் சேரன்மாதேவி நினைவுக்கு வரும். வ.வே.சு. ஐயர் தேசியத்துக்காக நடத்திய குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி. 1924, 25இல் அதன்மீது எழுந்த கேள்விதான் பெரியாரைக் காங்கிரசிலிருந்து வெளியே தள்ளிய காரணங்களில் ஒன்று. இரண்டு இலை தள்ளிப் போட்டதில் ஒரு மாநிலத்தின் அரசியலே புரண்டது. அப்படிப்பட்ட மண்ணில் ஒரு மடம், வெள்ளாளத் துறவியும் நாடார் துறவியும் பறையர் துறவியும் வாரமுறை வைத்துச் சமைத்து, பரிமாறி, ஒருவர் காலை ஒருவர் கழுவி, வந்த தேதிப்படி வரிசையில் நின்று, கடைசியில் ஒரே கல்லறையில் படுப்பதைத் தன் முழு அடையாளமாக வைத்திருந்தால், அதைப் பார்க்க லண்டனிலிருந்து யாரும் வந்திருக்க மாட்டார்கள். குளித்தலைக்காரன் வந்து பார்த்திருப்பான். பார்த்துவிட்டுச் சண்டைக்கும் வந்திருப்பான்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பயிற்சி முகாம்களில் சமையல் யார்? கூட்டம் முடிந்து நாற்காலி மடக்குவது யார்? முழக்கம் போட்ட தோழர் குவளையை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார். பெண் தோழர்கள் எடுத்துக் கழுவுகிறார்கள். அருந்ததியர் தோழர்கள் இருக்கிற முகாமில் கழிப்பறைப் பொறுப்பு யார் தலையில் விழுகிறது என்பதைக் கண்ணைத் திறந்து வைத்துப் பாருங்கள். பட்டியல் போட்டு, முறை வைத்து, மாநிலப் பொறுப்பாளர் பெயரையும் அதில் எழுதி ஒட்டாத முகாமுக்கு நான் இப்போதெல்லாம் பேசப் போவதில்லை. சில இடங்களில் சிரித்தார்கள். சில இடங்களில் ஒட்டினார்கள்.

துறவுக்குப் போகிற பிள்ளைகளே, எந்த மடமாக இருந்தாலும் சேர்வதற்கு முன் கேளுங்கள். சமையல் முறைப் பட்டியலில் மூத்தவர்கள் பெயர் இருக்கிறதா? கழிப்பறைக்கு வெளியாள் வருகிறாரா, வருகிறார் என்றால் எந்தத் தெருவிலிருந்து? மேற்படிப்புக்கு ரோமுக்கு யாரை அனுப்பினார்கள், தோட்டத்துக்கும் மாட்டுக்கும் யாரை வைத்தார்கள்? சாதிச் சுவருள்ள கல்லறைக்குப் போய் அடக்கச் சடங்கு செய்வார்களா, மாட்டோம் என்பார்களா? உங்கள் சாதி தெரிந்த பிறகு யாராவது உங்களிடம் தாழ்ச்சியைப் பற்றிப் பேசினால் விதிநூலின் இரண்டாம் அதிகாரத்தைக் கையில் கொடுங்கள்.

சாந்திவனத்துக்கும் போய்ப் பாருங்கள். பெனடிக்ட் மடங்கள் விருந்தினரைக் கிறித்துவாகவே ஏற்க வேண்டும், அதிலும் ஏழைக்கும் பரதேசிக்கும் கூடுதல் கவனம் காட்ட வேண்டும் என்பது 53ஆம் அதிகாரம். பணக்காரனுக்கு மரியாதை தானாகவே கிடைத்துவிடும் என்று காரணமும் எழுதியிருக்கிறார் ஆசீர்வாதப்பர். திருச்சியிலிருந்து கரூர் போகிற பேருந்தில் ஏறிக் குளித்தலைப் பக்கம் இறங்கினால் போதும். இரண்டு நாள் தங்குங்கள், சாப்பிட்ட தட்டை நீங்களே கழுவுங்கள், உங்கள் ஊரையும் தெருவையும் மறைக்காமல் சொல்லுங்கள். காவிரிக் கரையில் உட்கார்ந்திருக்கிற துறவிகளிடம் மேலப்புதூர்ச் சுவரைப் பற்றிக் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.